கடற்காற்று வந்துவிட்டதா? கடலூர் – புதுச்சேரி முன்கோடை வெயிலும் இடிமழையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி முடிந்து பங்குனி பிறப்பதற்குள் எங்கள் தெருவில் இந்தக் கேள்விகள் தொடங்கிவிடும். நான் வானிலை விஞ்ஞானி இல்லை. கடலூரில் மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்துக்கொண்டு, தினமும் மதியம் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படிக்கும் ஆள், அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

போனில் 34 டிகிரி என்று காட்டுகிறது. உடம்புக்கு அப்படித் தெரியவில்லையே?

இரண்டுமே சரிதான். வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், காற்று புகுந்து போகும் வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும். அது அளப்பது நிழலில் உள்ள காற்றின் சூட்டை மட்டும். உடம்போ வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும்.

34 டிகிரி வெயிலும் 65 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால், வெப்பக் குறியீட்டுக் கணக்கில் உடம்புக்கு 43, 44 டிகிரி போலத் தெரியும். அதே நேரம் உள்ளே விருத்தாசலம் பக்கம் 39 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் அங்கே உணர்வதும் 39ஐ ஒட்டித்தான் இருக்கும். டிவியில் விருத்தாசலத்துக்குத்தான் பெரிய எண். கைக்குட்டையைப் பிழிவது பாண்டிக்காரர். அறிக்கையில் "அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்பொழுது அசௌகரியம் ஏற்படலாம்" என்று ஒரு வரி வரும். படிக்கச் சாதுவாக இருக்கும். கடற்கரை மக்கள் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

ஒரே மாவட்டம்தான். நெய்வேலி கொதிக்கும்போது தேவனாம்பட்டினத்தில் இதமாக இருப்பது எப்படி?

கடற்காற்றுதான் காரணம். இந்தக் கேள்வி பதில் முழுவதும் இதைச் சுற்றியே ஓடப்போகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலையில் வெயில் ஏறும்போது தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைக்கு மேல் காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் முற்பகலிலேயே, 11 மணியை ஒட்டி வந்துவிடும். அந்த மாதங்களில் மேலே வீசும் காற்றும் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருவதால் அதற்கு எதிர்ப்பு இல்லை. வந்த நிமிடத்திலிருந்து வெப்பநிலை ஏறுவது நிற்கும், சில நாள் இரண்டு மூன்று டிகிரி இறங்கவும் செய்யும். மாலைக்குள் அது பண்ருட்டியைத் தொடும், நல்ல நாளில் நெய்வேலியையும் தாண்டும். ஆனால் அது போய்ச் சேரும் முன்பே அங்கே உச்ச வெயில் அடித்து முடிந்திருக்கும்.

மே கடைசியில் கதை மாறும். மேற்கிலிருந்து காற்று பலமாகும். மீனவர்கள் இதைக் கச்சான் என்பார்கள். பழந்தமிழில் மேல்காற்றுக்கு, அதாவது மேற்குக் காற்றுக்கு, பெயரே கோடை. பருவத்துக்கும் காற்றுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். அந்த மேல்காற்று நிலத்தின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்தும். பகல் 11 மணிக்கு வர வேண்டியது 3 மணிக்கு வரும், சில நாள் வரவே வராது. கடலூரும் புதுச்சேரியும் 40ஐத் தொடுவது அந்த நாட்களில்தான்.

ஆகவே நம் ஊருக்கு "நாளை எவ்வளவு வெயில்" என்று கேட்பதும், "கடற்காற்று நாளை எத்தனை மணிக்கு" என்று கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்வி. மதியம் 12 மணிக்கு மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். மேற்கு நோக்கிப் பறந்தால் கவலையில்லை. கடலை நோக்கிப் பறந்தால் வெளிவேலையைத் தள்ளிப் போடுங்கள்.

மார்ச்சிலேயே இப்படி என்றால் கத்திரியில் என்ன ஆகும்?

கத்திரி வெயில், அதாவது அக்னி நட்சத்திரம், பஞ்சாங்கக் கணக்கு. மே 4ஐ ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடியும். வானிலைத் துறையின் சொல் அல்ல. நம் அட்சரேகையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் மூன்றாம், நான்காம் வாரத்தில். அந்தக் கணக்குப்படி ஏப்ரலில்தான் அதிகம் சுட வேண்டும். ஆனால் கடலோரத்தில் கத்திரி "கழிந்த" பிறகு, ஜூன் முதல் பாதியில்தான் பல வருடங்களில் உச்சம் வருகிறது. காரணம் மேலே சொன்ன மேல்காற்று. "கத்திரி முடிஞ்சிடுச்சு, இனிமே குறைஞ்சிடும்" என்று சொல்லும் அத்தைகளிடம் வாதாடாதீர்கள். ஜூன் 10ஆம் தேதி அவர்களே விசிறியோடு திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

மார்ச் சூடாக இருந்தால் மே அதைவிடச் சூடாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. இடையில் இரண்டு நல்ல கோடை மழை விழுந்தால் கணக்கே மாறிவிடும்.

வெப்ப அலை எச்சரிக்கை நமக்கு ஏன் அரிதாகவே வருகிறது?

வரையறை அப்படி. இந்திய வானிலைத் துறை சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோர நிலையங்களில் குறைந்தது 37 டிகிரி, மலையில் 30 டிகிரி என்று ஒரு படி வைத்திருக்கிறது. அதோடு அந்தத் தேதிக்கான இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4க்கு மேல் போனால் கடும் வெப்ப அலை. இதுவும் ஒரே வானிலைப் பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால்தான் அறிவிப்பு.

கணக்குப் போடுவோம். மார்ச்சில் நம் பகல் இயல்பு 32ஐ ஒட்டியது. 37ஐத் தொட்டாலே இரண்டு நிபந்தனையும் நிறைவேறும், ஆனால் கடற்காற்று சீக்கிரம் வருவதால் 37 அரிது. மே, ஜூனில் இயல்பே 36, 37. அப்போது 41ஐத் தாண்டினால்தான் வெப்ப அலை. அதுவும் அரிது. நடுவில் 38 டிகிரி வெயிலில் வேர்த்துக் கொட்டுவதற்குப் பெயர் எதுவும் கிடையாது.

இரவு நிலைமை இன்னும் மோசம். "வெப்ப இரவு" என்ற எச்சரிக்கை உண்டு. ஆனால் பகல் 40ஐத் தொட்டிருந்தால் மட்டுமே அந்தக் கணக்கையே எடுப்பார்கள். பகல் 36, இரவு 29, கரண்ட் வேறு இல்லை என்றால் அது எந்தப் பட்டியலிலும் வராது. கடலோர மக்களுக்கு இந்த வரையறை போதாது என்பது என் கருத்து. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல விஷயம்தான். ஆனால் நம்மை வாட்டுவது பெரும்பாலும் அலையில்லை, புழுக்கம்.

வங்கக் கடலில் புயல் சின்னம் வந்தால் வெயில் குறையும்தானே?

வடகிழக்குப் பருவத்தில் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் நேர் எதிர். புயல் நம்மைத் தொடாமல் ஆந்திரா, ஒடிசா பக்கம் ஏறிப்போனால், அதன் சுழற்சி நம் மேல் மேல்காற்றை இழுத்துவிடும், கடற்காற்றும் கெட்டுப்போகும். 2019இல் ஃபானி அப்படித்தான். தமிழ்நாட்டுக்கு வரும் என்று ஏப்ரல் கடைசியில் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்க, மே 3ஆம் தேதி அது ஒடிசாவின் பூரி அருகே கரையேறியது. மழை அவர்களுக்கு, அனல் நமக்கு.

"ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை" என்றார்கள். ஒரு சொட்டும் இல்லை. பொய்தானே?

இல்லை. அந்தச் சொற்களுக்கு எண் கணக்கு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழை நிலையங்களில் மழை பதிவாவது கால் பங்குக்கு மேல் போகாது என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 சதவீதம். "அநேக", "பெரும்பாலான" என்று வந்தால் பாதிக்கு மேல். ஆக, "ஓரிரு இடங்களில்" என்று சொன்ன நாளில் உங்கள் வீட்டில் மழை பெய்யாமல் போவதுதான் அதிகம் நடக்கக்கூடியது.

ஒரு தனி இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். பிறந்து, கொட்டி, சாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். முதுநகரில் கொட்டித் தீர்க்கும், மஞ்சக்குப்பத்தில் வாசலில் போட்ட கோலம் அப்படியே இருக்கும். இதை முந்தின நாளே தெரு வாரியாகச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் என்ன?

மஞ்சள்: கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு: தயாராகுங்கள். சிவப்பு: செயலில் இறங்குங்கள். நிறம் என்பது மழையின் அளவு மட்டுமல்ல, பாதிப்பு வரும் வாய்ப்பையும் சேர்த்துச் சொல்வது. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல், மிகக் கனமழை 115.6க்கு மேல், அதி கனமழை 204.4க்கு மேல். அந்த 24 மணி நேரம் காலை 8.30க்கு முடியும். கோடை இடிமழைக்கு மஞ்சள்தான் அதிகம் வரும். மஞ்சள் என்று அலட்சியம் வேண்டாம், மின்னலுக்கு நிறம் தெரியாது.

கடலூருக்குச் சொன்னது பாண்டிக்கும் பொருந்துமா?

இரண்டு ஊருக்கும் நடுவே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஒரே கரை, ஒரே காற்று. வானிலைத் துறைக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் ஒரே பிரிவு. மாஹே கேரளத்தோடும் ஏனாம் கடலோர ஆந்திரத்தோடும் சேர்ந்தவை. எனவே செய்தியில் "புதுவையில் மழை" என்று வந்தால் எந்தப் புதுவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாகூர், திருக்கனூர்க்காரர்களுக்கு ஒரு யோசனை: உங்கள் ஊர் தமிழ்நாட்டு ஊர்களோடு கலந்து கிடப்பதால் கடலூர், விழுப்புரம் எச்சரிக்கைகளையும் சேர்த்தே படியுங்கள்.

சாயங்காலம் திடீரென்று அடிக்கும் இடிமழை எங்கிருந்து வருகிறது?

முன்கோடையில், அதாவது மார்ச், ஏப்ரலில், இடிமேகம் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியும் உள்மாவட்டங்களிலும் கிளம்பி அங்கேயே முடிந்துவிடும். அது கரைக்கு வர மேலே மேல்காற்று வேண்டும், அந்த மாதங்களில் அது இருப்பதில்லை. நமக்குக் கிடைப்பது, கிழக்கிலிருந்து ஈரம் வரும் நாட்களில் விடியற்காலையில் கரையோரம் விழும் சிறு மழைதான்.

மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் "வெப்பச்சலன மழை"யின் காலம். மதியம் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் சூட்டில் மேகம் திரளும். மேலே அடிக்கும் மேல்காற்று அதைக் கடலை நோக்கித் தள்ளும். கீழே கடற்காற்று ஈரத்தோடு எதிரே போகும். இரண்டும் மோதுமிடத்தில் காற்று மேலே எழும்ப, மேகம் 12 கிலோமீட்டருக்கு மேலும் வளரும். மாலை 5 மணியிலிருந்து இரவு 10க்குள் நம் தலைக்கு மேல் வந்து நிற்கும். பகலில் வெயிலைத் தணித்த அதே கடற்காற்றுதான் இரவில் இடிமேகத்துக்குத் தீனியும் போடுகிறது.

மேற்கே அடிவானம் மைபோல் கறுக்கும். காற்று நின்று புழுங்கும். பிறகு, மழைக்குச் சில நிமிடம் முன்னால், குளிர்ந்த காற்று புழுதியோடு ஒரேயடியாக அடிக்கும். மேகத்திலிருந்து கீழே விழுந்த குளிர்காற்று தரையில் மோதிப் பரவுவது அது. தகரக் கூரை பறப்பதும் முருங்கை முறிவதும் அந்த முதல் பத்து நிமிடத்தில்தான், மழையில் அல்ல. துணி எடுக்க மாடிக்கு ஓடுவதும் அதே நேரத்தில்தான். துணி நனையட்டும், போகாதீர்கள்.

ரேடார் படத்தை எப்படிப் பார்ப்பது?

நமக்கு வடக்கே சென்னை, தெற்கே காரைக்கால் என இரண்டு டாப்ளர் ரேடார் உண்டு. காரைக்கால் கிட்டே இருப்பதால் அதையே முதலில் திறங்கள். பூமி வளைந்திருப்பதால், சென்னை ரேடாரின் கதிர் கடலூரை எட்டும்போது தரையிலிருந்து இரண்டரை, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. ஒரே படத்தைப் பார்த்து முடிவுக்கு வராமல் அரை மணி நேரத்துப் படங்களை வரிசையாகப் பாருங்கள். சிவப்புத் திட்டு, அதாவது பலத்த மழை, கிழக்கே நகர்கிறதா, நின்ற இடத்தில் வெளுக்கிறதா என்பது தெரியும். விழுப்புரத்தில் சிவப்பாக இருந்தது வில்லியனூர் வருவதற்குள் கரைந்துபோவதும் அடிக்கடி நடக்கும்.

எந்த ஆப்பை நம்பலாம்?

வானிலைத் துறையின் மௌசம், மின்னலுக்கு தாமினி, விவசாயிகளுக்கு மேக்தூத். தாமினி புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் காட்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சாசெட் எச்சரிக்கைகளை ஒரே இடத்தில் தரும். இவை போக, அடுத்த மூன்று மணி நேரத்துக்கான வானிலைத் துறை அறிவிப்பு மாவட்டப் பெயர்களோடு வரும். இடிமழையைப் பொறுத்தவரை எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். மணி, மில்லிமீட்டர் வரை சொல்லும் வெளிநாட்டு ஆப்கள் அழகாக இருக்கும். அவை காட்டுவது ஒரு கணினி மாதிரியின் ஊகம் மட்டுமே.

எத்தனை நாள் முன்னதாகச் சொல்வதை நம்பலாம்?

வெயிலுக்கு நாலைந்து நாள். "இந்த வாரம் இடிமழைக்கு வாய்ப்பான வாரம்" என்பதற்கும் அவ்வளவே. "இன்று என் ஊரில்" என்பதற்கு மூன்று மணி நேரம். 2025 மே மாதத்தில் தொடங்கிய பாரத் முன்கணிப்பு முறை என்ற கணினி மாதிரி ஆறு கிலோமீட்டர் கட்டங்களாகக் கணக்கிடுகிறது, முன்பு 12. முன்னேற்றம்தான். ஆனாலும் ஒரு இடிமேகம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். பிப்ரவரி கடைசியில் வரும் மார்ச்–மே பருவக் கணிப்பு நாடு முழுவதற்குமான போக்கு. அதை வைத்துக் கல்யாணத் தேதி குறிக்க முடியாது.

மின்னலுக்கு என்னதான் செய்வது? எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள். இந்த மரணங்களில் பெரும்பகுதி வயல், மேய்ச்சல், மரத்தடி என்று திறந்த வெளியில் நடப்பவை.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் மேலேயே விழலாம். கான்கிரீட் வீட்டுக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். குடிசையும், நான்கு கம்பம் நட்டு ஓலை போட்ட மோட்டார் கொட்டகையும் மழைக்குத்தான் மறைப்பு, மின்னலுக்கு அல்ல. முந்திரித் தோப்பில் வேலை செய்பவர்கள் மழைக்குப் பெரிய மரமாகப் பார்த்து ஒதுங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், வேர் வழியே தரையிலும் பரவும். மாட்டை மரத்தில் கட்டிவைப்பதும் அதே ஆபத்துதான்.

வீட்டுக்குள் செல்போன் பேசலாம். சார்ஜரில் சொருகியபடி பேச வேண்டாம். குழாயடி, குளியல் அப்புறம். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது தவறு. உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்கிவிட்டு 108ஐ அழையுங்கள்.

கோடை மழை விவசாயத்துக்கு நல்லதுதானே?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. கோடை உழவுக்குக் காத்திருப்பவருக்கு வரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துவிட்டுத் தார்ப்பாய் தேடுபவருக்கும், காட்டுமன்னார்கோயில் பக்கம் உளுந்து பிடுங்கிக் காயப்போட்டவருக்கும் அதே மழை இடி. பண்ருட்டியில் முந்திரி பூத்துக் காய்க்கும் காலம், பலா காய் பிடிக்கும் காலம் இதுதான். பூவில் மழையும் பிஞ்சில் சூறைக்காற்றும் இரண்டுமே கெடுதல். 2011 டிசம்பர் 30 தானே புயலில் தோப்பையே இழந்தவர்களுக்குக் காற்று என்றாலே ஒரு நடுக்கம் உண்டு, அது நியாயமானது.

தடைக்காலத்தில் கடலுக்குப் போகாததால் மீனவர்களுக்குப் பிரச்சினை இல்லையே?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. ஃபைபர் படகும் கட்டுமரமும் போகத்தான் செய்யும். கரை நோக்கித் திரும்பும் மாலை நேரத்தில் மேற்கே இருந்து இடிமேகம் எதிரே வந்தால் படகைக் கடலுக்குள் தள்ளும். இதற்குத் துறைமுகத்தில் கூண்டு ஏற்ற மாட்டார்கள், கூண்டு புயல் சின்னத்துக்கு. மூன்று மணி நேர அறிவிப்பும் கண்ணும்தான் துணை.

வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால்?

பேச்சு குழறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்ப வாதம், மருத்துவ அவசரம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், மோர் எதையும் ஊற்றாதீர்கள். கடலூர் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

வீட்டில் மழைமானி வைக்கலாமா?

தாராளமாக. மரமும் சுவரும் மறைக்காத இடம், நேராக நிற்கும் உருளைப் பாத்திரம், அளவுகோல், இவை போதும். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். தினமும் காலை 8.30க்கு அளந்து நோட்டில் எழுதுங்கள், அப்போதுதான் அறிக்கையில் வரும் எண்ணோடு ஒப்பிடலாம். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒரு பத்தி விட்டு, கடற்காற்று வந்த மணியையும் குறித்து வையுங்கள். என் நோட்டில் நான் அதிகம் புரட்டுவது அந்தப் பத்தியைத்தான்.